இரவு ஒன்பதரைக்கு மின்துண்டிப்பு என்று வரும் குறுஞ்செய்தி

மின் வாரியத்தில் கணக்கீட்டுப் பணி பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், காட்பாடியில் எங்கள் தெருவில் யாருக்குக் கரண்ட் பில் பற்றிக் குறுஞ்செய்தி வந்தாலும் கைப்பேசியோடு என் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் மாலை பதறிப்போய் வந்தார். "சார், ராத்திரி ஒன்பதரைக்கு ஃபியூஸைப் புடுங்கிடுவாங்களாம்" என்றார். போன மாத பில் பதிவாகவில்லை, உடனே மின் அலுவலரை அழைக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே பத்து இலக்கக் கைப்பேசி எண் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள்.

அது மோசடிச் செய்தி என்று புரிந்துகொள்ள 'போன மாத பில்' என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. நம் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. மாதாமாதம் பில் போடும் ஏதோ ஒரு மாநிலத்துக்காக எழுதியதை அப்படியே இங்கும் அனுப்பியிருக்கிறார்கள். கணக்கெடுத்த நாளிலிருந்து கட்டுவதற்கு 20 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகும் கட்டாதவர் வீட்டுக்கு வயர்மேன் பகலில் வந்து ஃபியூஸ் கேரியரைக் கழற்றுவாரே தவிர, நிலுவைக்காக இரவு ஒன்பதரைக்கு யாரும் வந்ததை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. மேலும், அந்தச் செய்தியில் மின் இணைப்பு எண்ணே இல்லை. எந்த வீட்டுக்கு அனுப்புகிறோம் என்பது அனுப்பியவருக்கே தெரியாதபோது எண்ணை எப்படிப் போடுவார்?

அந்த எண்ணை அழைத்தால், பில்லைச் சரிசெய்ய வெறும் பத்து ரூபாய் கட்டச் சொல்வார்கள். அதற்கு முன் நம் திரையை அவர்கள் பார்க்க வழிசெய்யும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். பத்து ரூபாய்தானே என்று நாம் தட்டும் ரகசிய எண் அவர்கள் கண்ணில் படுவதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கை மகனுக்கு வந்தது வேறு வகை. போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, அதனுடன் ஏபிகே எனப்படும், கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு. "வண்டி நம்பர் சரியாத்தானே இருக்கு மாமா" என்பது அவன் வாதம். வண்டி எண் தெருவில் போகிறவர் எவரும் படிக்கக்கூடியது. அதைச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்று சொல்லி, போக்குவரத்து அபராதங்களைக் காட்டும் அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தின் முகவரியை நாங்களே தட்டித் திறந்து வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்த்தோம். அபராதம் எதுவும் இல்லை. இதுபோன்ற அரசுத் தளங்கள் பலவற்றின் முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடியும். போலிகள் அந்த 'கவ்' என்பதை நடுவில் எங்காவது செருகி வைக்கின்றன.

அவனுடன் வேலை செய்யும் ஒருவர் அதே கோப்பை நிறுவிவிட்டார். குறுஞ்செய்திகளைப் படிக்க அது அனுமதி கேட்டதும் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு வங்கி அனுப்பிய ஓடிபி எல்லாம் அவர் பார்ப்பதற்குள் திருடர்களிடம் போய்விட்டன. பணம் போனது தெரிந்ததும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, இன்னொருவர் கைப்பேசியிலிருந்து வங்கியையும் இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் உடனே அழைத்திருக்க வேண்டும். போன பணம் அடுத்த கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்குள் முடக்கினால்தான் பயன் உண்டு. அவரோ விடியட்டும் என்று காத்திருந்துவிட்டு மறுநாள்தான் வங்கிக்குப் போனார். இப்போது 1930இல் புகார் பதிவாகியிருக்கிறது. தொகை இன்னும் கைக்கு வரவில்லை.