கடலூரில் எங்கள் சபை சுருங்கி வருகிறது: முதலில் எதைச் செய்வது?

கேள்வி: கெடிலக்கரை

அனைவருக்கும் கர்த்தருடைய நாமத்தில் வணக்கம். கடலூர் முதுநகருக்கு அருகில் உள்ள ஒரு பழைய சபையில் மூன்று ஆண்டுகளாகச் செயலர் பொறுப்பில் இருக்கிறேன். எந்தச் சபை என்று இங்கே எழுதவில்லை. எங்கள் நிலையைச் சொல்லி ஆலோசனை கேட்க வந்திருக்கிறேனே தவிர, யாரையும் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று.

பதிவேட்டின்படி எங்களிடம் இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. ஞாயிறு காலை ஆராதனைக்கு நூறு பேர் வந்தாலே நிறைவாக உணர்கிறோம். கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை ஆகிய நாட்களில் மட்டும் வெளியே பந்தல் போட்டு நாற்காலி இட வேண்டியிருக்கிறது. மற்ற நாட்களில் வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு காலத்தில் ஐந்து வகுப்புகள் நடந்தன. இப்போது எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்கார வைத்து ஒரே ஆசிரியை பாடம் சொல்லிக் கொடுக்கிறார்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோதும், 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அடித்தபோதும், 2015 வெள்ளத்தின்போதும் எங்கள் ஆலய வளாகம் நிரம்பி இருந்தது. தேவனாம்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் பெண்கள் ஐக்கியத்தார் இரவும் பகலும் சமைத்துப் போட்டார்கள். வாலிபர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி முதியவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வாலிபர்களில் பெரும்பாலோர் இன்று ஞாயிறு ஆராதனையில் இல்லை என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

சென்ற மாதம் சபைக் குழுவில் இரண்டு யோசனைகள் வந்தன. எல்.இ.டி. திரை, புதிய ஒலிபெருக்கி, டிரம்ஸ் ஆகியவற்றை வாங்கினால் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போய்விட்ட இளையோர் திரும்புவார்கள் என்று ஒரு சாராரும், மழைக்கு ஒழுகும் கூரையைச் சரிசெய்த பிறகுதான் மற்றதைப் பேச வேண்டும் என்று மறுசாராரும் வாதிட்டார்கள். கையில் இருக்கும் பணம் ஏதேனும் ஒன்றுக்குத்தான் போதும். இரண்டையும் செய்துவிட்டால்கூடச் சபை வளருமா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆயர், நெல்லிக்குப்பம்

அன்புள்ள தம்பி, உம்முடைய கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். கூரையைச் சரிசெய்யுங்கள், ஏனென்றால் ஒழுகும் இடத்தில் முதியவர்களை உட்கார வைப்பது பாவம். ஆனால் அதைச் சபை வளர்ச்சியோடு சேர்த்துப் பேசாதீர்கள்.

நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மாவட்டத்துக் கிராமங்களிலும் நகரங்களிலும் ஊழியம் செய்தவன். ஒரு சபையை எனக்கு மாற்றிக் கொடுக்கும்போது, சொத்துப் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பார்கள். எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார், எந்த வீட்டுப் பெண் எட்டு மாதமாக ஆலயத்திற்கு வரவில்லை என்பதை ஒருவரும் ஒப்படைத்ததில்லை. முன்பு அதை அறிந்திருந்தவர், ஆயருக்குத் துணையாக வீடு வீடாகப் போய் போதித்த சபை ஊழியரான உபதேசியார். தமிழ்ச் சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபையில் முதன்முதலாக 1733 டிசம்பரில் குருவானவராக அபிஷேகம் பெற்ற ஆரோன் நம்முடைய கடலூரில் பிறந்தவர் என்பதும், அதற்கு முன்பு அவர் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர் என்பதும் உங்கள் வாலிபர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1737இல் கடலூரில் மிஷன் தொடங்கியபோது ஐரோப்பியர் வந்தார்கள். 1740 முதல் இங்கே உழைத்த மிஷனரி கியர்னாண்டர், 1758இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போக நேர்ந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் போர் வந்தால் போக வேண்டியிருந்தது. ஊருக்குள்ளேயே பிறந்து வளர்ந்த விசுவாசிகள் எங்கே போவார்கள்? சபையை அவர்கள்தான் சுமந்தார்கள். இன்று பல இடங்களில் உபதேசியார் பணியிடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, அவர் செய்த வீடு சந்திப்பை யார் செய்வது என்று கேட்காமலேயே இருந்துவிட்டோம்.

ஆகவே முதலில் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கடந்த ஆறு மாதத்தில் ஒருமுறைகூட வராத குடும்பங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காணிக்கை பாக்கியையோ சந்தா பாக்கியையோ பேசாமல், வீட்டுக்கு இரண்டு பேராகப் போய் உட்கார்ந்து கேளுங்கள். சந்தா கேட்டு வருகிறவரைத் தவிர வேறு யாரும் எங்கள் வாசற்படி மிதித்ததில்லை என்று என்னிடம் சொன்ன வீடுகள் பல உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை நம்மவர் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாத விசுவாசிகளும் உங்கள் ஊரில் இருப்பார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் வரையறுக்கப்பட்டது. பிறகு 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளிலிருந்து கிறிஸ்தவர்களானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள். பிள்ளையின் படிப்பையும் வேலையையும் நினைத்து, ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் எழுத அஞ்சி, கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போகிற தாய்மார்களை நான் அறிவேன். அவர்களை இரட்டை வாழ்க்கை வாழ்கிறவர்கள் என்று பிரசங்க மேடையிலிருந்து கடிந்துகொள்ளும் சபை எப்படி வளரும்? பதிவேட்டை வைத்து மட்டும் உங்கள் சபையின் அளவைக் கணக்கிடாதீர்கள்.

பதில்: மஞ்சக்குப்பத்து மகள்

ஆயர் ஐயாவுக்கும் செயலர் அண்ணனுக்கும் வணக்கம். நான் கடலூரில் பிறந்து வளர்ந்து, ஆறு ஆண்டுகளாகப் பெங்களூரில் கணினித் துறையில் வேலை செய்கிறேன். நீங்கள் தேடுகிற, திரும்பி வராத இளையோரில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

திரை வீண் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். எங்கள் தலைமுறையில் பலர் ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தோம். தமிழ் நன்றாகப் பேசுவோம், ஆனால் கீர்த்தனைப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்போம். வேதநாயக சாஸ்திரியார் எழுதிய கீர்த்தனைகளைப் பாட்டி பாடும்போது கண் கலங்கும் எனக்கு, அவற்றின் சொற்களுக்குப் பொருள் சொல்லித்தர ஆலயத்தில் ஒருவரும் இல்லை. வேதாகமமும் அப்படித்தான். நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது. அதன் நடையை நான் நேசிக்கிறேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கையில் அதை மட்டும் கொடுத்துவிட்டு, ஏன் வாசிக்கவில்லை என்று கேட்பது நியாயமா? கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. ஓய்வுநாள் பள்ளியில் அதையும் அருகில் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டு வாசிக்க வைத்தால் பிள்ளைகளுக்குத் தமிழும் வரும், வசனமும் விளங்கும். பெரிய திரை வேண்டியதில்லை. பாடலின் வரிகளையும் கடினமான சொற்களின் பொருளையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தாலே போதும்.

ஆனால் நான் விலகியதற்குக் காரணம் மொழி அன்று. முதன்முதலாகத் திருவிருந்து பெறுவதற்கு முன் இளையோருக்கு நடத்தும் திடப்படுத்தல் வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டேன். என் தோழி ஒருத்தி தற்கொலை செய்துகொண்டிருந்தாள். அவள் எங்கே போவாள் என்று கேட்டேன். அதெல்லாம் பரீட்சைக்கு வராது, விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய் என்று சொன்னார்கள். சொன்னவர் கெட்டவர் அல்லர். அவருக்கும் பதில் தெரியவில்லை போலும். எனக்கும் தெரியவில்லை, வா, இருவரும் ஜெபிப்போம் என்று சொல்லியிருந்தால் நான் அந்தச் சபையை என்றும் விட்டிருக்க மாட்டேன்.

பெங்களூருக்கு நான் வந்தபோது இங்குள்ள தமிழ்ச் சபைக்கு ஒரு அறிமுகக் கடிதம்கூட யாரும் கொடுக்கவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான், யூடியூபில் நம் ஆலயத்து ஆராதனையைப் பார்த்து, எங்கள் வீட்டாரும் நானும் ஒரே நேரத்தில் ஒரே சங்கீதத்தை வாசித்தோம். ஆலயம் திறந்ததும் அந்த ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். சென்னை, பெங்களூர், துபாய் என்று போயிருக்கும் கடலூர்ப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை எடுத்து, மாதத்திற்கு ஒருமுறை தொலைபேசியில் விசாரிக்க இரண்டு பேரை நியமிக்க முடியுமா, அண்ணா? அதற்குச் செலவே கிடையாது.

பதில்: முத்தியால்பேட்டை ஆசிரியர்

இயேசுவுக்கே புகழ். நான் புதுச்சேரியைச் சேர்ந்த கத்தோலிக்கன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் உயர்மறைமாவட்டத்தின் பெயரிலேயே புதுவையும் கடலூரும் சேர்ந்திருப்பதால், உங்கள் கவலையில் எனக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது திருப்பலி இலத்தீனில் நடக்கும். நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டு அமர்ந்திருப்போம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு அது தமிழில் வந்தது. குருவானவர் மக்களைப் பார்த்து நின்று, எங்கள் மொழியில் பேசிய முதல் நாள் என் தந்தை அழுதார். அவ்வளவு பெரிய மாற்றத்தையே தாங்கிய திருச்சபைக்கு, ஒரு தாளில் பாட்டின் பொருளை அச்சிடுவதா கடினம்? மஞ்சக்குப்பத்து மகள் சொன்னதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

எங்கள் பங்கில் உயிரோட்டம் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அன்பியங்கள். ஒரே தெருவில் அல்லது அருகருகே உள்ள இருபது, முப்பது வீடுகளை ஒரு அன்பியமாகச் சேர்த்து, வீட்டுக்கு வீடு மாறி மாறிக் கூடி இறைவார்த்தையை வாசிக்கிறோம். அங்கே பேசத் தொடங்கிய பெண்கள்தான் இன்று பங்குப் பேரவையில் பேசுகிறார்கள். எங்கள் அன்பியத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குத் தொலைதூர மாவட்டங்களிலிருந்து நோயாளிகளை அழைத்து வருபவர்கள் வாரக்கணக்கில் வெளியே தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இரவு உணவு கொண்டு போவதற்கு எங்கள் இளையோர் முறை வைத்திருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்கு வரச் சோம்பும் பையன்கள், தங்கள் முறை வரும் நாளில் மட்டும் தவறுவதே இல்லை. வெள்ளத்தில் இறங்கிய உங்கள் வாலிபர்கள் ஆலயத்தை விட்டுப் போகவில்லை என்றே நான் நினைக்கிறேன், சகோதரரே. வெள்ளம் வடிந்த பிறகு அவர்களுக்குச் செய்ய வேலை ஒன்றும் கொடுக்காமல் விட்டுவிட்டோம்.

மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒன்றையும் எழுதுகிறேன். புதுச்சேரிக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களைப் பிரித்து வைக்க எழுப்பியிருந்த சுவர், அவர்கள் போய் முறையிட்டதால் இடிக்கப்பட்டதை, பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவர் போனாலும், கல்லறைத் தோட்டத்திலும் தேர்ப் பவனியிலும் திருமணப் பேச்சிலும் அந்தப் பிரிவினை நம் காலம் வரை வந்திருக்கிறது. வளர்ச்சி பற்றிப் பேசும் எந்தப் பங்கும், எந்தச் சபையும், குழுத் தேர்தலில் யார் யாருக்கு எந்த அடிப்படையில் வாக்களிக்கிறார்கள் என்பதை ஒருமுறை கடவுள் முன்னிலையில் எண்ணிப் பார்க்க வேண்டும். இளையோர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

பதில்: சிப்காட் தொழிலாளி

நான் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு எனக்குக் காலை ஷிப்டு. இரவு ஷிப்டு முடிந்து வரும் ஞாயிறு கண் திறக்க முடியாது. நெய்வேலி சுரங்கத்தில் இருக்கும் என் மைத்துனருக்கும், அரசு மருத்துவமனையில் செவிலியாக இருக்கும் என் மனைவிக்கும் இதே நிலைதான். நாங்கள் விசுவாசத்தில் குளிர்ந்துபோனவர்கள் என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் எளிய ஆராதனையும் மாதம் ஒருமுறை அதில் திருவிருந்தும் வைத்தால், எங்களைப் போன்றவர்கள் வருவார்கள். பாடகர் குழுவும் ஒலிபெருக்கியும் வேண்டாம். பத்துப் பேர் வந்தாலும் நடத்தும் மனம் வேண்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கெடிலக்கரை

எல்லாருக்கும் என் நன்றி. ஆயர் ஐயா சொன்னபடி நேற்று மாலை பெண்கள் ஐக்கியச் செயலரும், வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒரு தம்பியும், நானும் பதிவேட்டோடு உட்கார்ந்தோம். ஆறு மாதமாக வராதவர்கள் என்று நாங்கள் குறித்த குடும்பங்களில், எங்கள் மூவருக்குமே இன்று எங்கே வசிக்கிறார்கள் என்று தெரியாத குடும்பங்கள் பதினேழு. அவற்றில் ஒன்று, வெள்ளத்தின்போது என்னோடு தண்ணீரில் இறங்கிய நண்பனுடைய குடும்பம். கைபேசியில் இருந்த அவனுடைய எண் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது.

கூரை வேலையை மட்டும் தொடங்குவது, திரையை ஓராண்டு தள்ளி வைப்பது என்று அடுத்த கூட்டத்தில் முன்மொழியப் போகிறேன். சனிக்கிழமை ஆராதனை பற்றி எங்கள் ஆயரிடம் பேசினேன். தவக்காலத்தில் தொடங்கிப் பார்க்கலாம் என்று சொன்னார். சாதி பற்றி ஆசிரியர் ஐயா எழுதியதைக் குழுவில் வாசிக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. அதை எப்படித் தொடங்குவது என்று, ஏற்கெனவே தங்கள் சபையில் பேசியவர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள். இன்று மாலை நண்பனுடைய அக்காள் வீடு புதுப்பாளையத்தில் இருக்கிறதா என்று விசாரிக்கப் போகிறோம்.