கேப் வெடித்தும் குண்டு கிளம்பத் தாமதம், தோளும் கன்றிப்போகிறது: வாய்வழி கெட்டிக்கும் ரைபிளுக்கு உதவி தேவை

கோட்டையூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்தில் வாங்கியதாகச் சொல்லப்படும் ரைபிள் ஒன்று, வாரிசு உரிமத்தின்படி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்து, கேப் (அடித்தால் வெடிக்கும் சிறு உலோகத் தொப்பி) வைத்துச் சுடும் வகை. குழலின் உள்விட்டம் 0.54 அங்குலம். எந்த நாட்டு வேலை என்று தெரியவில்லை, முத்திரை தேய்ந்துவிட்டது. உள்ளே வரிப்பள்ளங்கள் தெளிவாக இருக்கின்றன. உரிமம் பெற்ற பழுதுநீக்குநர் குழலைச் சோதித்து, கருமருந்துக்குத் தாங்கும் என்று சொன்ன பிறகே சுடத் தொடங்கினேன். வேட்டைக்காக அல்ல. அனுமதி பெற்ற சுடுதளத்தில் இலக்கைப் பார்த்துச் சுடுவதற்கு மட்டும்.

பிரச்சினை இதுதான். கேப்பை அடிக்கும் குதிரை விழுகிறது, கேப் வெடிப்பதில்லை. மறுபடி ஏற்றி விட்டால் அதே கேப் வெடிக்கிறது. சில நேரம் கேப் வெடித்தும் உள்ளே மருந்து பற்றுவதில்லை. இன்னும் சில நேரம் கேப் வெடித்து ஒரு கணம் கழித்தே குண்டு கிளம்புகிறது. அதற்குள் என் கை அசைந்துவிடுகிறது. சென்ற தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்றதிலிருந்து இவை அதிகமாகியிருக்கின்றன. ஒப்படைக்கும் முன், துருப்பிடிக்காமல் இருக்க உள்ளும் புறமும் தையல் இயந்திர எண்ணெய் நிறையப் பூசியிருந்தேன்.

இரண்டாவது, உதைப்பு. மேசையின் முன் அமர்ந்து, மணல் மூட்டையில் முன்கட்டையைச் சாய்த்துச் சுடுகிறேன். குண்டு கூம்பு வடிவம், 27 கிராம். கட்டையின் பின்முனையில் பிறைபோல் வளைந்த இரும்புத் தகடு. அதன் மேல்முனையும் கீழ்முனையும் தோளில் குத்தி, மறுநாள் தோள் கன்றிச் சிவந்துவிடுகிறது. கன்னத்திலும் கட்டை அறைகிறது. எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

செம்மண்பூமி

மருந்து பழசாகி வீரியம் குறைந்திருக்கும். அளவைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் தோட்டாவைப் பிரித்து அதிலுள்ள மருந்தைச் சிறிது கலந்துகொள்வார். உடனே பற்றும்.

ஆர்மரர், தேவகோட்டை

மேலே சொன்னதை யாரும் செய்ய வேண்டாம். தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. அது எழுப்பும் அழுத்தமும் கருமருந்தின் அழுத்தமும் வேறு வேறு. வாய்வழித் துப்பாக்கியின் குழலில் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கக் கூடாது. குழல் பிளந்தால் போவது சுடுபவரின் இடது கையும் கண்ணும். பக்கத்தில் நிற்பவரும் தப்பமாட்டார். படையில் ஆயுதப் பராமரிப்பிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் தீர்வாகாது. பற்றாத மருந்து அளவு கூடினாலும் பற்றாது. பற்றும்போது உதைப்பு மட்டும் கூடும்.

கோட்டையூர்த் தம்பி, நீங்கள் அறிகுறிகளைப் பிரித்து எழுதியிருப்பது நல்லதாயிற்று. மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள்.

முதல் அடியில் வெடிக்காத கேப் இரண்டாம் அடியில் வெடித்தால், கேப் நிப்பிளின் (கேப்பைச் செருகும் துளையுள்ள சிறு முனையின்) மேல் முழுமையாக உட்காரவில்லை என்று பொருள். முதல் அடியின் வேகம் முழுவதும் கேப்பைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. இரண்டாம் அடிதான் உண்மையான அடி. நிப்பிளின் உச்சியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பல ஆண்டுகள் அடிவாங்கி விளிம்பு காளான்போல் விரிந்திருக்கும். அப்படியானால் நிப்பிளை மாற்றிவிடுங்கள். அராவிச் சரிசெய்வதைவிட அதுவே நல்லது. மாற்றும்போது மரையில் கவனம் வேண்டும். கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 28 மரை என்பது ஒரு வகை, 6 மில்லிமீட்டர் விட்டத்தில் 0.75 மில்லிமீட்டர் இடைவெளி என்பது மற்றொரு வகை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஒன்று மற்றொன்றில் சில சுற்று ஏறவும் ஏறும். அப்படித் திணித்த நிப்பிள் சுடும்போது பிடுங்கிக்கொண்டு முகத்தை நோக்கி வரும். பழுதுநீக்குநரைக் கொண்டே அளந்து போடுங்கள். சுட்டவுடன் குதிரை தானாகப் பின்னேறி நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். நின்றால் நிப்பிளின் துளை அரித்துப் பெரிதாகிவிட்டது, அதன் வழியே வாயு பின்னால் வருகிறது.

கேப் வெடித்தும் மருந்து பற்றாததற்கு உங்கள் எண்ணெயே காரணமாக இருக்கலாம். குழலைச் சாய்த்து வைத்திருந்த காலமெல்லாம் எண்ணெய் அடியில் இறங்கி, நிப்பிளிலிருந்து மருந்து அறைக்குப் போகும் அனல்வழியில் கட்டியாகத் தங்கியிருக்கும். புதிதாக இடும் மருந்தின் அடிப்பகுதியையும் அது நனைக்கும். கெட்டிப்பதற்கு முன் உலர்ந்த துணியால் குழலின் அடிவரை துடையுங்கள். நிப்பிளைக் கழற்றி, மெல்லிய கம்பியால் வழியைக் குத்தித் துடையுங்கள். பிறகு சுடுதளத்திலேயே, வெற்றுக் குழலில் ஒரு கேப் மட்டும் வைத்து, குழல்வாயைத் தரையில் கிடக்கும் ஒரு சருகுக்கு அருகே பிடித்து விடுங்கள். சருகு அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் மருந்தைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது கோளாறான தாமதம்தான் மூன்றிலும் ஆபத்தானது. கேப் வெடித்தும் குண்டு கிளம்பவில்லையென்றால் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காதீர்கள். குழலை இலக்கை நோக்கியே குறைந்தது ஒரு நிமிடம் வைத்திருங்கள். நான் இரண்டு நிமிடம் வைப்பேன். உள்ளே பொறி புகைந்துகொண்டிருக்கலாம். "என்ன ஆயிற்று" என்று வாயருகே குனிந்து பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அதைப்போல் மனம் பதறும் காட்சி வேறில்லை.

மற்றொன்று. குண்டைத் தள்ளிக் கெட்டிக்கும் உங்கள் கஜக்கோலில் இரண்டு அடையாளக் கோடுகள் போட்டிருக்கிறீர்களா? வெற்றுக் குழலில் கோல் எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கு ஒன்று, சரியாகக் கெட்டித்தபின் எங்கே நிற்கிறது என்பதற்கு ஒன்று. குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குழல் அந்த இடத்தில் புடைக்கலாம், வெடிக்கவும் கூடும். மருந்து பற்றாத துப்பாக்கியில், மறந்துபோய் இரண்டாம் முறை கெட்டித்துவிடும் விபத்தையும் இந்தக் கோடே தடுக்கும்.

ஒஹாயோவில் ஒரு பள்ளத்தூரான்

ஐயா பற்றுதலைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உதைப்பைப் பற்றி நான் எழுதுகிறேன். இங்கே அமெரிக்காவில் வாய்வழித் துப்பாக்கி சுடுவோருக்கு 1933-இல் தொடங்கிய தேசியச் சங்கமே இருக்கிறது. இண்டியானா மாநிலத்தில் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் அதன் போட்டிகள் நடக்கின்றன. நீங்கள் சொல்லும் பிறைத்தகடு இங்குள்ள பழைய ரைபிள்களில் மிகச் சாதாரணம். உங்களுடையதும் இந்தப் பக்கத்து வேலையாக இருக்கலாம்.

பிறைத்தகடு தோள்குழியில் வைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. தோள்மூட்டுக்கு வெளியே, மேற்கையின் தொடக்கத்தில், சதையை அந்த வளைவு கவ்விக்கொள்ளும்படி வைக்க வேண்டும். தட்டையான பின்தகடு உள்ள துப்பாக்கியைப் பிடிப்பதுபோல் நெஞ்சுப் பக்கம் வைத்தால் இரண்டு முனைகளும் எலும்பில்தான் இறங்கும். நின்று சுட்டுப் பாருங்கள். உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கையை உயர்த்தினால் அந்த இடம் தானாகவே அமையும். மேசையில் முன்குனிந்து உட்கார்ந்தால் அந்தப் பிடி வராது. மேலும், நிற்கும் உடல் உதைப்போடு சேர்ந்து பின்னால் அசைந்து கொடுக்கும். மேசையோடு ஒட்டிய உடலுக்கு அசைய இடமில்லை, அடி முழுவதும் தோளிலேயே தங்கிவிடும்.

அடுத்தது குண்டு. 27 கிராம் கூம்புக்குப் பதிலாக, 0.530 அங்குல ஈய உருண்டையைச் சீலைத்துண்டில் சுற்றிக் கெட்டியுங்கள். அதன் எடை ஏறக்குறைய 14.5 கிராம்தான். அதே வேகத்தில் எடை இரட்டித்தால் துப்பாக்கி பின்னோக்கி வரும் ஆற்றல் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். மருந்தின் எடையும் கணக்கில் சேரும், ஏனென்றால் அதுவும் வாய்வழியேதான் வெளியேறுகிறது. உங்கள் குழலின் வரிப்பள்ளங்கள் ஆழமாகவும், அவற்றின் முறுக்கு மெதுவாகவும் (ஒரு சுற்று சுற்ற நீண்ட தூரம் எடுப்பதாகவும்) இருந்தால் அது உருண்டைக் குண்டுக்காகவே செய்யப்பட்ட குழல். கூம்பு அதில் தோளை வருத்தும், இலக்கிலும் சிதறும்.

காரைக்குடி ரைபிள் தங்கை

அண்ணன், நான் சுடுவது வேறு வகை ரைபிள். ஆனால் உடல் ஒன்றுதானே. கன்னத்தில் கட்டை அறைவதற்குக் காரணம் பெரும்பாலும் கன்னம் கட்டையை விட்டுச் சற்று விலகியிருப்பதுதான். அந்தச் சிறு இடைவெளியில் கட்டை வேகம் எடுத்து வந்து அடிக்கிறது. தலையைக் கட்டைக்குத் தாழ்த்தாமல், கட்டையைக் கன்னத்துக்கு உயர்த்தி உறுதியாக ஒட்டிக்கொள்ளுங்கள். பின்தகட்டையும் அப்படியே, இடைவெளி இல்லாமல் பதித்துக்கொள்ளுங்கள். வலிக்குமே என்று தோளைத் தளர்த்தி வைப்பவர்களுக்குத்தான் அதிகம் வலிக்கிறது.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. உங்களுடைய இரண்டு பிரச்சினைகளும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. கேப் வெடித்து, உதைப்பு எப்போது வரும் என்று தெரியாத அந்த ஒரு கணத்தில் உடல் தானாகச் சுருங்கிக்கொள்கிறது. அந்தப் பழக்கம் ஒட்டிவிட்டால், மருந்து ஒழுங்காகப் பற்றத் தொடங்கிய பிறகும் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுவீர்கள். கொஞ்ச நாள் உதைப்பே இல்லாத காற்று ரைபிளில் சுடுங்கள். விசை விழுந்த பின்னும் பார்வையை முன்குறியிலேயே வைத்து, மனத்துக்குள் இரண்டு எண்ணிய பிறகே தலையைத் தூக்குங்கள். காது அடைப்பானும் கண்ணாடியும் அணியுங்கள். சத்தம் குறைந்தாலே பாதி பயம் குறையும்.

கோட்டையூர்க்காரன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பழுதுநீக்குநர் நிப்பிளை மாற்றிக் கொடுத்தார். விளிம்பு ஆர்மரர் ஐயா சொன்னபடியே விரிந்திருந்தது. அனல்வழியில் பழுப்பு நிறத்தில் மெழுகுபோல் கட்டி எடுத்தார். இப்போது முதல் அடியிலேயே கேப் வெடிக்கிறது. உருண்டைக் குண்டுக்கு மாறி, தகட்டை மேற்கையில் வைத்து நின்று சுட்டேன். கன்றவில்லை, கன்னமும் தப்பியது.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. முதலில் சில முறை உடனே பற்றுகிறது. தொடர்ந்து சுடச் சுட மறுபடியும் தாமதம் வருகிறது, குண்டைக் கீழே தள்ளவும் கடினமாகிறது. ஐப்பசி அடைமழை தொடங்கிய பிறகு இது இன்னும் மோசம். சீலைத்துண்டுக்கு வீட்டில் கிடந்த கைக்குட்டையை வெட்டி, அதே தையல் இயந்திர எண்ணெய் தடவினேன்.

முகப்புத் திண்ணை

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகள் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட துப்பாக்கி கிடைத்தால் அலங்காரத்துக்கு வாங்கி வைக்கலாமா? பழசுக்கு உரிமம் தேவையில்லை என்கிறார்களே?

ஆர்மரர், தேவகோட்டை

பழசு என்பது மட்டும் போதாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்குத்தான். நிப்பிளை மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான், உரிமம் வேண்டும். வாங்கும் முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

கோட்டையூர்த் தம்பிக்கு: கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடமான கசடாகவே மிஞ்சும். ஒவ்வொரு முறையும் அது குழலில் படியும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் மழைக்காலத்தில் உங்களுக்குத் தொல்லை கூடுகிறது. இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. 1801-இல் காளையார்கோவில் காட்டைச் சுற்றி நடந்த போரில் கும்பினிப் படையின் கையில் இருந்தவை கல்தட்டித் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கிகள். பொறி விழும் கிண்ணத்தில் இட்ட மருந்து நனைந்தால் அவை வெறும் கட்டைதான். கேப் வந்த பிறகு மழைக்குப் பயம் குறைந்தது, கசடு குறையவில்லை.

ஆகவே ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் துடைக்க வேண்டும். துடைப்பதிலும் முறை உண்டு. சொட்டச் சொட்ட நனைத்த துணியை அடிவரை தள்ளினால், கசடு சேறாகி அனல்வழிக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்ளும். மருந்து பற்றவே பற்றாது. தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியை ஒருமுறை உள்ளே விட்டு மெதுவாக வெளியே இழுங்கள். அதன்பின் உலர்ந்த துணி ஒன்று. பிறகு கெட்டியுங்கள். மருந்தைக் குப்பியிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டாதீர்கள். உள்ளே கனல் இருந்தால் குப்பி முழுவதும் கையிலேயே வெடிக்கும். தனி அளவுக்குழாயில் எடுத்து இடுங்கள்.

ஒஹாயோவில் ஒரு பள்ளத்தூரான்

அந்த எண்ணெயை இனி சுடும் நாளில் பயன்படுத்தாதீர்கள், அண்ணன். பெட்ரோலிய எண்ணெய் கருமருந்தின் கசடோடு சேர்ந்து தார்போல் ஒட்டும். இங்கே நாங்கள் தேன்மெழுகையும் தாவர எண்ணெயையும் உருக்கிக் கலந்து தடவுகிறோம். உங்களுக்குத் தேங்காய் எண்ணெயே போதும், மழைக்காலக் குளிரில் உறையாதபடி மெழுகைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கைக்குட்டைத் துணியில் செயற்கை நூல் கலந்திருந்தால் குழலில் உருகி ஒட்டும். முழுப் பருத்தி வேண்டும், கெட்டியான நெசவு வேண்டும். எங்கள் அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையிலிருந்து வெட்டிய துண்டுகளை ஊரிலிருந்து கொண்டுவந்து பயன்படுத்திப் பார்த்தேன். அருமையாகப் பிடித்தது. புதுத் துணியென்றால் கஞ்சி போகும்வரை அலசுங்கள். சுட்ட துண்டு இலக்குக்கு முன்னால் கிடக்கும், அதை எடுத்துப் பாருங்கள். ஓரம் மட்டும் கருகி, நடு முழுமையாக இருந்தால் துணியின் தடிப்பும் மெழுகும் சரி. நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் தடிப்பு போதவில்லை அல்லது மெழுகு போதவில்லை. நார் நாராகக் கிழிந்திருந்தால் குழலின் வாயில் கூர் இருக்கிறது என்று பழுதுநீக்குநரிடம் காட்டுங்கள்.

ஆர்மரர், தேவகோட்டை

வீட்டுக்கு வந்ததும் அன்றே கழுவிவிடுங்கள், மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். நிப்பிளைக் கழற்றிவிட்டு, வெந்நீரும் சோப்பும் கொண்டு துணி வெள்ளையாக வரும்வரை கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கும்போதும் அந்த மெல்லிய பூச்சே போதும். திரும்பி வந்ததும் முதல் வேலை, உலர்ந்த துணி, பிறகு சருகுச் சோதனை.