18.20 கோடி என்று யார் சொன்னது?

கணக்கப்பிள்ளை:
நேற்று இன்னொரு இழையில் தார்ச்சட்டி என்பவர் திருவாய் மலர்ந்தருளியது: "சாலைக்கும் ரயிலுக்கும் போகிற ஒவ்வொரு ரூபாயும் நாடாளுமன்றத்தில் சலித்துப் பார்த்த பிறகுதான் வெளியே வருகிறது. நிலைக்குழு, அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜி, பொதுக் கணக்குக் குழு என்று மூன்று அடுக்குக் காவல். விவரம் தெரியாமல் கத்தாதீர்கள்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. பதில் போடுவதற்குள் நெறியாளர் அந்த இழையைப் பூட்டிவிட்டார். அதனால் இங்கே கேட்கிறேன்.

ஒரே ஒரு சாலை போதும். துவாரகா விரைவுச்சாலை. டெல்லிக்கும் குருகிராமுக்கும் நடுவே 29.06 கிலோமீட்டர். மத்திய அரசின் நெடுஞ்சாலைத் திட்டமான பாரத்மாலாவின் முதல் கட்டம் பற்றிய சிஏஜி அறிக்கை 2023 ஆகஸ்டில் அவையில் வைக்கப்பட்டது. அதன்படி, பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு ஒப்புக்கொண்டது கிலோமீட்டருக்கு 18.20 கோடி. இந்தச் சாலைக்கு அனுமதி கொடுத்தது கிலோமீட்டருக்கு 250.77 கோடி. மொத்தம் 7,287.29 கோடி. ஏறக்குறைய 14 மடங்கு. மூன்று அடுக்குக் காவலும் எங்கே படுத்திருந்தது சார்?

தார்ச்சட்டி:
வந்துவிட்டாரய்யா. அறிக்கையின் முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்கிற வழக்கம் உங்களுக்கு என்றைக்குமே இல்லை. அந்த 18.20 எப்படி வந்தது? தேசிய வழித்தட மேம்பாடு என்ற தலைப்பில் 5,000 கிலோமீட்டருக்கு 91,000 கோடி. வகுத்தால் 18.20. அவ்வளவுதான். துவாரகா சாலைக்கென்று யாரும் 18.20 ஒப்புக்கொள்ளவே இல்லை. நாடு முழுக்கப் போகிற சாலைகளின் சராசரியைக் கொண்டுவந்து, எட்டு வழி மேல்சாலை, கீழே ஆறு வழி, டெல்லிப் பக்கம் 3.6 கிலோமீட்டர் சுரங்கம் என்று இருக்கிற சாலையின் மேல் வைக்கிறீர்கள். வகுப்புப் பிள்ளைகளின் சராசரி அளவுக்குச் சட்டை தைத்து வாத்தியாருக்கு மாட்டிவிட்டு, ஏன் பொத்தான் போடமுடியவில்லை என்று கேட்கிற கதை.

சாலைப் பணியில் வெயிலில் நின்றவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து கூட்டிக் கழிப்பவர்களுக்கு அல்ல.

கணக்கப்பிள்ளை:
சட்டை நன்றாக இருக்கிறது. ஆனால் 18.20 வெறும் சராசரி என்றால், 250.77க்கு நாடாளுமன்றத்தில் யார் தலையாட்டினார்கள்? எந்தத் தேதியில்? அதைச் சொல்லுங்கள், நான் இந்த இழையை விட்டே போகிறேன்.

முதல் பக்கம் தாண்டியும் படித்தேன், கவலை வேண்டாம். ஹரியாணா பகுதியில் 19 கிலோமீட்டர். அங்கே நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில் ஏற்கெனவே 90 மீட்டர் அகலத்துக்கு நிலம் இருந்தது. தரை மட்டத்திலேயே 14 வழி போட 70, 75 மீட்டர் போதும். ஆனாலும் தூண் எழுப்பி மேலே எட்டு வழி. ஒரு நாளைக்குச் சராசரியாக 55,432 வாகனங்கள். அதற்கு இது எதற்கு என்று கோப்பில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை என்கிறது சிஏஜி. காரணம் தப்பு என்றுகூடச் சொல்லவில்லை. காரணமே இல்லை என்கிறது!

வாதினி:
இருவருக்கும் ஒரு சின்ன விஷயம். நாடாளுமன்றம் சாலை சாலையாக ஒப்புதல் தருவதில்லை. துறையின் மானியக் கோரிக்கையை, அதாவது செலவுக்கு அரசு கேட்கும் தொகையை, மொத்தமாகத்தான் மக்களவை வாக்கெடுப்புக்கு எடுக்கிறது. அமைச்சரவைக் குழு என்பது அரசின் அங்கம், அவையின் அங்கம் அல்ல. 18.20 சொன்னதும் அரசு, 250.77 கொடுத்ததும் அரசுத் தரப்பு. ஆகவே "எந்தத் தேதியில் தலையாட்டினார்கள்" என்ற கேள்வியே நிற்காது.

கணக்கப்பிள்ளை:
நிற்காது என்பதைத்தானே மேடம் நானும் சொல்கிறேன்! சலித்துப் பார்த்தார்கள் என்று எழுதியது நானா?

தார்ச்சட்டி:
வாதினி மேடம் சொல்வது எனக்குத்தான் சாதகம். நன்றி.

பின்வரிசை:
அவையில் சலித்த அழகை நான் சொல்கிறேன். 23 மார்ச் 2023. சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட். மக்களவையில் அத்தனை மானியக் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல், அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் பாஸ். விவாதிக்காமலே மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடும் இந்தக் கில்லட்டின்தான் 2018 மார்ச்சிலும். சாலை, ரயில் எல்லாம் ஒரே கத்தியில் போயின. நல்ல சல்லடை அண்ணே, ஓட்டை கொஞ்சம் பெரிசு.

தார்ச்சட்டி:
அமளி செய்தது யார்? விவாதிக்க உட்கார வேண்டியவர்களே பதாகையைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றால் சபாநாயகர் என்ன செய்வார்? இரண்டு தரப்பும் கத்தினார்கள், அதையும் சேர்த்து எழுதுங்கள். 2019 ஜூலையில் ரயில்வே கோரிக்கை மீது கிட்டத்தட்ட நள்ளிரவு வரை பேசினார்கள். அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்களுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பதில் கணக்கப்பிள்ளைக்கு நீங்கள் சரியான ஜோடி.

அப்புறம், அவையில் பேசாவிட்டாலும் நிலைக்குழு பார்த்துவிடுகிறது. 1993 முதல் இருக்கிற முறை. 31 உறுப்பினர்கள், அமைச்சர் யாரும் இருக்கமுடியாது. அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை:
கேட்கிறார்கள், சரி. மூடிய அறைக்குள் கேட்கிறார்கள். பரிந்துரை எழுதுகிறார்கள். அரசு மூன்று மாதத்தில் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் தருகிறது. ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை. பொதுக் கணக்குக் குழுவும் அப்படியே. 22 பேர், 15 மக்களவை, 7 மாநிலங்களவை. 1967இலிருந்து தலைவர் எதிர்க்கட்சிக்காரர் என்று பெருமை வேறு. ஆனால் அது கையில் எடுப்பது சிஏஜி அறிக்கை வந்த பிறகு. அறிக்கை வருவது தூண் காய்ந்த பிறகு. அந்தக் குழு கொள்கைக்குள் நுழையாது என்பது மரபு. சாலையை மேலே தூக்கியது ஏன் என்று கேட்டால் அது கொள்கை முடிவு, கேட்காதே என்பார்கள்.

எதை எங்கே கொண்டுபோனாலும் பதில் ஒன்றுதான். 18.20 எப்படி 250.77 ஆனது என்று முன்கூட்டியே கேட்க அங்கே ஒரு நாற்காலி கூட இல்லை.

தார்ச்சட்டி:
மறுபடி 18.20. 91,000 வகுத்தல் 5,000. எத்தனை தடவை எழுதவேண்டும்? அமைச்சகம் அப்போதே பதில் சொல்லிவிட்டது. டெண்டர் மதிப்பீடு கிலோமீட்டருக்கு 206.39 கோடி, ஒப்பந்தம் போனது 181.94 கோடிக்கு. 12 சதவீதம் மிச்சம். நீங்கள் 250 என்று கூவுவது எல்லாவற்றையும் சேர்த்த தொகை.

கணக்கப்பிள்ளை:
நீங்களே மதிப்பீட்டை 206 என்று வைத்து, நீங்களே 182க்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் பிடித்தேன் என்பது எந்த ஊர்க் கணக்கு? 206ஐ யார் சோதித்தார்கள்?

எட்டுவழி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்பதே தவறு. லேனுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 29.06 பெருக்கல் 14 லேன் போட்டால் சுமார் 407 லேன் கிலோமீட்டர். 7,287 கோடியை வகுத்தால் லேன் கிலோமீட்டருக்கு 17.9 கோடி. 18.20க்கு உள்ளேதான் வருகிறது! பிரச்சினை முடிந்தது.

கணக்கப்பிள்ளை:
அடேயப்பா. தம்பி, 18.20 என்பது ஒரு கிலோமீட்டர் சாலைக்கு. ஒரு லேனுக்கு அல்ல. நீங்கள் ஒரு பக்கம் லேனையும் மறுபக்கம் முழுச் சாலையையும் வைத்துத் தராசு பிடிக்கிறீர்கள். அதுவும் சுரங்கத்துக்குள் 14 வழி எங்கே இருக்கிறது? எட்டுதான்.

தார்ச்சட்டி:
எட்டுவழி சொன்ன முறை எனக்கு உடன்பாடில்லை என்றாலும் அவர் முயற்சி செய்கிறார். நீங்கள் வயதில் சிறியவரை மட்டம் தட்டுகிறீர்கள். சுங்கக் கட்டண இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

கணக்கப்பிள்ளை:
சுங்கக் கட்டண இழையைக் கிளப்பாதீர்கள். அங்கே நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. நீங்கள்தான் "வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன்" என்று போனவர்.

தார்ச்சட்டி:
எனக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. எல்லோரும் உங்களைப்போல ஓய்வூதியத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்யமுடியாது.

நெறியாளர்:
தனிப்பட்ட விஷயங்கள் வேண்டாம். இரண்டாவது முறை எச்சரிக்க வைக்காதீர்கள்.

ரயில்பித்தன்:
இதெல்லாம் 2017இல் ஆரம்பித்த வியாதி. 1924இலிருந்து ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. ரயில்வேயை ஆராய்ந்த ஆக்வொர்த் குழு சொல்லிப் பிரித்தது. 2016 பிப்ரவரி 25இல் அப்போதைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு படித்ததோடு சரி, பொது பட்ஜெட்டில் கரைத்துவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க ஊரே ரயிலைப் பற்றிப் பேசும். எந்தத் தொகுதிக்கு எந்தத் தடம் என்று எம்பிக்கள் எழுந்து கத்துவார்கள். இப்போது நிதியமைச்சர் உரையில் ரயிலைத் தேடவேண்டியிருக்கிறது.

வாதினி:
பேச்சு இருந்தது உண்மை. கண்காணிப்பு இருந்ததா? எனக்குத் தெரிந்து அந்த நாள் பெரும்பாலும் "என் தொகுதிக்கு ஒரு ரயில்" என்ற மனுப் படலம். அறிவித்த பாதைகளில் எத்தனை கிடப்பில் கிடந்தன? பொருளாதார அறிஞர் பிபேக் தேப்ராய் குழு இரண்டு பட்ஜெட்டையும் இணைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு பின்னணி. ரயில்வே ஆண்டுதோறும் அரசுக்குக் கட்டிவந்த ஈவுத்தொகையும் இணைப்போடு நின்றது.

ரயில்பித்தன்:
மனுவாவது போட்டார்கள். தொகுதிக்கு ரயில் கேட்பது எம்பியின் வேலை இல்லை என்றால் வேறு யாருடைய வேலை? ஒருமுறை நிலையத்தில் காத்திருந்து பாருங்கள், தெரியும்.

கணக்கப்பிள்ளை:
ரயிலைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், திசை மாறுகிறது. தார்ச்சட்டி சார், உங்களுக்குச் சராசரிதானே பிடிக்கும்? சராசரியையே தருகிறேன். பாரத்மாலா முதல் கட்டம், 2017 அக்டோபரில் ஒப்புதல். 34,800 கிலோமீட்டர், 5.35 லட்சம் கோடி. சராசரி 15.37 கோடி. 2023 மார்ச் வரை ஒப்பந்தம் ஆனது 26,316 கிலோமீட்டர். அனுமதித்த செலவு 8.46 லட்சம் கோடி. சராசரி 32.17 கோடி. சாலை குறைந்தது, பணம் ஏறியது. இது வாத்தியார் சட்டை அல்ல, மொத்த வகுப்பின் சட்டை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தார்ச்சட்டி:
நிலத்துக்கு இழப்பீடு பல மடங்கு கூடிவிட்டது. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்துக்குப் பிறகு ஏக்கர் என்ன விலை போகிறது என்று தெரியுமா? வயல்வெளியில் புதிதாக வெட்டும் விரைவுச்சாலைகளும் உள்ளே வந்தன. திட்டத்தின் உருவமே மாறிவிட்டது. வேலை தெரியாதவர்களிடம் இதை விளக்கமுடியாது.

கணக்கப்பிள்ளை:
அந்தச் சட்டத்தின் இழப்பீட்டு விதி தேசிய நெடுஞ்சாலைகளுக்கு வந்தது 2015 ஜனவரியில். ஒப்புதல் 2017 அக்டோபரில். நடுவில் இரண்டே முக்கால் வருடம். மதிப்பீடு போட்டவர்கள் அரசிதழே பார்க்கவில்லையா? உருவம் மாறியது என்றால், மாறிய உருவத்தை எடுத்துக்கொண்டு அவைக்கு யார் போனார்கள்? நிலைக்குழு முன்னால் 18.20ஐ வைத்து "ஐயா, இது இப்போது 250" என்று யாராவது முன்கூட்டியே சொன்னார்களா?

பின்வரிசை:
சொல்லியிருந்தால் வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்திருப்பார்கள். நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி. 7,287 கோடியில் நூறு ரூபாய்.

எட்டுவழி:
அடையாள வெட்டு என்றால் நூறு ரூபாய்தான். அது குறைகளைச் சுட்டுவதற்கு. கேலி செய்ய ஒன்றுமில்லை. நிறைவேறினால் அரசே கவிழும்.

பின்வரிசை:
அதனால்தானே தம்பி நிறைவேறுவதில்லை.

தார்ச்சட்டி:
கடைசியாகச் சொல்கிறேன். தவறு என்று சிஏஜி சொன்னதும், அறிக்கையை மேசையில் வைத்ததும், அதைப் படித்து நீங்கள் இங்கே குதிப்பதும் அந்த மூன்று அடுக்கால்தான். காவல் இல்லையென்றால் 250.77 என்ற எண்ணே உங்களுக்குத் தெரிந்திருக்காது. 18.20 சராசரி. சராசரி. சராசரி.

கணக்கப்பிள்ளை:
திருடு போன பிறகு பட்டியல் எழுதுவது காவல் இல்லை.

தார்ச்சட்டி:
திருட்டு என்று சிஏஜி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? பக்க எண் சொல்லுங்கள். சொல்லமுடியாவிட்டால் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள்.

கணக்கப்பிள்ளை:
திரும்பப் பெறமாட்டேன். பழமொழியாகச் சொன்னேன் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

வாதினி:
முன்கூட்டிய ஆய்வு வேண்டும் என்றால், குறிப்பிட்ட தொகைக்கு மேலான திட்டங்களின் வரைவை நிலைக்குழுவுக்கு அனுப்பவேண்டும் என்று கேட்கலாமே. அதைப் பற்றி ஒருவராவது பேசுங்களேன்.

ரயில்பித்தன்:
பேசலாம் மேடம். முதலில் தனி பட்ஜெட்டைத் திரும்பக் கொண்டுவரட்டும்.

தார்ச்சட்டி:
பக்க எண்?

கணக்கப்பிள்ளை:
முதலில் நான் கேட்ட தேதி. அப்புறம் பக்க எண். இன்று இரவு மொத்தப் பாரத்மாலா அட்டவணையையும் இங்கே ஏற்றுகிறேன், வரிசை வரிசையாகப் பார்ப்போம்.

நெறியாளர்:
அட்டவணையைத் தனி இழையில் ஏற்றவும். இங்கே பத்து வரிக்கு மேல் அட்டவணை ஏற்றினால் நீக்கப்படும்.

கணக்கப்பிள்ளை:
பார்த்தீர்களா, இங்கேயும் கில்லட்டின்.