செகண்ட் அப்பீல் அட்மிஷன்லயே தள்ளுபடி: இனி வழி இருக்கா?

பாபநாசத்தான்:
எங்க 6 மா (ரெண்டு ஏக்கர்) நஞ்சைக்குத் தண்ணி வர்ற கன்னி வாய்க்காலை (சின்னக் கிளை வாய்க்கால்) பக்கத்து நிலத்துக்காரர் தூர்த்து வயலோட சேர்த்துட்டார். அப்பா போட்ட வழக்கு முன்சீப் கோர்ட்ல தோத்துச்சு, சப் கோர்ட் அப்பீலும் போச்சு. இப்ப ஹைகோர்ட் மதுரைக் கிளையில, எதிராளிக்கு நோட்டீஸ்கூட அனுப்பாம செகண்ட் அப்பீலைத் தள்ளிட்டாங்க. சாட்சியைப் படிச்சுக்கூடப் பார்க்கலையேன்னு அப்பாவுக்குச் சோறு இறங்கலை. வக்கீல் அங்கேயே ரிவ்யூ (மறுஆய்வு மனு) போடலாங்கிறார், மாமா டெல்லிக்குப் போங்கிறார். எது சரி?

பழைய குமாஸ்தா:
தம்பி, செகண்ட் அப்பீல்ல சாட்சியை மறுபடி எடை போட மாட்டாங்க. 1976 திருத்தத்துக்கு அப்புறம், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாத்தான் சிவில் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவுல உள்ளே எடுப்பாங்க. வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சினீங்களா இல்லையாங்கிறதை ரெண்டு கோர்ட்டும் ஒரே மாதிரி சொல்லிட்டா அதோட சரி. அங்கேயே ரெண்டு நீதிபதி முன்னாடி அப்பீல் போகவும் 100ஏ பிரிவு விடாது. ரிவ்யூவுக்கு 30 நாள், சுப்ரீம் கோர்ட்டுக்கு 90 நாள். தீர்ப்பு நகலுக்கு மனு போட்டாச்சா? எதைச் சொல்லித் தோற்கடிச்சாங்க?

பாபநாசத்தான்:
போட்டாச்சு அண்ணே. அடுத்தவர் நிலத்து வாய்க்கால்ல உரிமை கேட்க 20 வருஷம் தடையில்லாம பாய்ச்சியிருக்கணுமாம், அதை நிரூபிக்கலைன்னு எழுதியிருக்கு. போன வாரம்தான் தாலுகா ஆபீஸ்ல 'அ' பதிவேடு (கிராம நிலக் கணக்கு) நகல் வாங்கினேன். வாய்க்கால் தனி சர்வே நம்பர், அரசுப் புறம்போக்காம்! இதை வெச்சு ரிவ்யூ?

வெண்ணாத்துக்காரன்:
6 மாவுக்கு டெல்லியா? பீஸ் கட்டவே ஒரு மாவை விக்கணும். எங்க பங்காளி வழக்குல பார்த்துட்டேன் சாமி.

பழைய குமாஸ்தா:
ரிவ்யூவுக்கு ஆகாது. எவ்வளவு முயன்றும் அப்ப கிடைக்காத ஆவணமா இருக்கணும். இது தாலுகா ஆபீஸ்லயே கிடந்தது, அப்பவே ஏன் வாங்கலைம்பாங்க. ஆனா புறம்போக்குன்னா கதையே வேற. 20 வருஷக் கணக்கே வேண்டாம், 1905 ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறையே எடுக்கலாம். வழக்குல அரசைச் சேர்த்தீங்களா?

பாபநாசத்தான்:
இல்லை, அவரை மட்டும்தான்.

பழைய குமாஸ்தா:
அப்ப அந்தத் தீர்ப்பாணை (டிகிரி) அரசைக் கட்டுப்படுத்தாது. புலப்படம் (சர்வே நம்பரோட அளவு வரைபடம்) வாங்கி, அளந்து எடுக்கச் சொல்லி தாசில்தார்கிட்ட மனு கொடுங்க. எதிராளி தீர்ப்பை நீட்டுவார், தாசில்தாரும் தயங்குவார். அரசு அந்த வழக்குல பார்ட்டியே இல்லைன்னு மனுவிலேயே எழுதிடுங்க.

பாபநாசத்தான்:
புலப்படத்துக்கு இன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டேன் அண்ணே. அப்பா இப்பத்தான் வாயைத் திறந்தார்: "ஜூன் 12 மேட்டூர் திறக்கறதுக்குள்ள சர்வேயர் வருவாரா?"