மறு: வீப் ஹோல்: 'கசிதுளை' வேண்டாம், 'வடிதுளை' என்போம்

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் 'வீப் ஹோல்' (weep hole) என்பதற்கு, அதாவது இஞ்சினின் வாட்டர் பம்ப்பில் வேண்டுமென்றே விடப்படும் சிறு துளைக்கு, என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> வாட்டர் பம்ப்பின் வீப் ஹோலுக்குக் 'கசிதுளை' என்றே போட்டுவிடலாம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்டறையில் இந்தப் பெயர் காரியத்தைக் கெடுத்துவிடும். கசிவு என்று காதில் விழுந்ததும் நம் ஆட்களின் கை தானாக ஓட்டை அடைக்கும் எம்சீலைத் தேடும்.

போன மாதம் சேலம் கோரிமேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் அதைத்தான் பார்த்தேன். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த லிக்விட் கூல்டு பைக்; கூலண்ட் என்ற சாயத் தண்ணீர் ஓடி இஞ்சினைக் குளிர்விக்கும் வகை. ஆயில் மூடியைக் கழற்றினால் பால் காபி நிறத்தில் பசை. 'ஹெட் கேஸ்கெட் போச்சுங்க' என்று, இஞ்சினின் தலைப்பகுதியில் கூலண்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் தகட்டைச் சொல்லி, வண்டிக்காரர் முடிவே கட்டிவிட்டார்.

மெக்கானிக் அவசரப்படவில்லை. மலைக் குளிரில் கிட்டக் கிட்டவே ஓட்டினால், இஞ்சின் முழுசாகச் சூடேறாமல் மூடியடியில் ஈரம் படிந்து இப்படி வெளுப்பதுண்டு. நாலு ஊர் தள்ளி ஓட்டினால் சரியாகிவிடும். இங்கேயோ கூலண்ட் டப்பாவில் மட்டம் இறங்கி, ஆயில் கண்ணாடியில் மட்டம் ஏறியிருந்தது. இஞ்சின் ஆறியிருந்ததால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பார்த்தார். குமிழி கிளம்பவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. கேஸ்கெட்டை ஒதுக்கிவிட்டு வாட்டர் பம்ப்பின் அடியில் விரலை விட்டுத் தடவினார். துளை இருக்க வேண்டிய இடத்தில் கல்லாக இறுகிய எம்சீல்! முன்பு எப்போதோ சொட்டியிருக்கிறது, யாரோ 'சரிசெய்து' கொடுத்திருக்கிறார்கள்.

பம்ப் அச்சில் இரண்டு சீல், அதாவது கசிவைத் தடுக்கும் வளையங்கள். ஒன்று கூலண்டைத் தடுப்பது, மற்றது ஆயிலை. நடுவிலுள்ள காலியிடத்திலிருந்து வெளியே திறப்பதுதான் இந்தத் துளை. சாயத் தண்ணீர் சொட்டினால் கூலண்ட் பக்கச் சீல் போய்விட்டது, எண்ணெய் சொட்டினால் மற்றது. துளையை அடைத்தால் கூலண்டுக்கு வேறு போக்கிடம் ஏது? ஆயில் சீலைத் தாண்டி உள்ளே போகும். அப்புறம் பேரிங்கும், அதே ஆயிலில் ஊறும் கிளட்ச் தட்டுகளும் சேர்ந்து பாழ். சில நூறு ரூபாய் சீலோடு முடிய வேண்டிய வேலை அது.

அதனால்தான் 'வடிதுளை' என்கிறேன். வடிகால், வடிதட்டு என்று பழகிய வாய்க்கு அது புதிதாகவும் இராது. மலைப்பாதைத் தாங்குசுவர்களில் மழைநீர் வடியக் குழாய் வைத்து விடுகிறார்களே, அதற்கும் ஆங்கிலத்தில் 'வீப் ஹோல்' என்றுதான் பெயர். கட்டடத் துறைக்கும் வாகனத் துறைக்கும் ஒரே சொல் போதும். அந்தச் சுவரில் தண்ணீர் வருவதைப் பார்த்து யாரும் சிமென்ட் பூசப் போவதில்லை.

> 'அறிகுறித்துளை' எப்படி?

பொருள் அருமை. எந்தப் பட்டறையிலும் யாரும் சொல்லமாட்டார்கள். அந்தக் கருத்தை விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கூலண்ட், கேஸ்கெட் இரண்டையும் இப்போதைக்கு அப்படியே விடுவோம்; 'குளிர்நீர்' என்று போட்டால் ஃபிரிட்ஜ் தண்ணீர்தான் நினைவுக்கு வரும்.

பதிவுக்கு என் வரைவு:

வடிதுளை: நீர் தேங்காமல் வெளியேற, வேண்டுமென்றே விடப்படும் சிறு துளை. வாட்டர் பம்ப்பில், எந்தச் சீல் பழுது என்பதையும் காட்டும். சொட்டினால் சீலை மாற்றவும். துளையை அடைக்கக் கூடாது.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.