மொட்டை மாடி மல்லி: சித்திரையில் மொட்டு ஊதாவாகி உதிர்கிறது

கேள்வி: மதுரைப் பக்கம். 18 அங்குலத் தொட்டியில் குண்டுமல்லி. மொட்டு நிறைய வைக்கிறது, ஆனால் பாதி பருக்காமல் ஊதாவாகி உதிர்கிறது. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடம் மஞ்சள். போர் தண்ணீர் தினம் இருவேளை. என்ன செய்யலாம்?

பதில் 1: ஊதா மொட்டைப் பிளந்து பாருங்கள். அடி உப்பி, உள்ளே மிகச் சிறிய புழுக்கள் என்றால் மொட்டு ஈ. துளை போட்டுப் பச்சைப் புழு என்றால் மொட்டுப்புழு. எதுவானாலும் கெட்ட மொட்டைத் தினமும் பறித்து, உதிர்ந்ததையும் கூட்டி எரித்துவிடுங்கள். மருந்தைவிட இதுதான் முக்கியம். ஈயின் புழு மண்ணில் இறங்கித்தான் கூடு கட்டும், அதனால் மேல்மண்ணை லேசாகக் கிளறிக் காயவிடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து வாரம் ஒருமுறை மாலையில் தெளியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

பதில் 2: மஞ்சளுக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீரால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்காது. அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, துளிர் பச்சையாகும்வரை 15 நாளுக்கு ஒருமுறை இலையில் தெளியுங்கள். வேப்பெண்ணெயோடு கலக்க வேண்டாம். தொட்டி சொதசொதவென்று இருந்தாலும் இதே மஞ்சள் வரும். விரல் விட்டு ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

பதில் 3: ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் நுனிகளை இரண்டு கணு வெட்டிவிடுங்கள், புதுத் துளிரில்தான் மொட்டு வரும். முழுக் கவாத்து (செடி முழுவதையும் குட்டையாக வெட்டுவது) இப்போது கூடாது. நவம்பர் கடைசியில் மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டலாம்.