புதுப்பிப்பு: சாய்ந்த கொடித்தட்டியும் ஏறாத சங்குப்பூவும்

சங்குப்பூக் கொடிக்காகச் சுவரோரம் நட்ட மரச்சட்டத் தட்டி காற்றில் சாய்வதையும், கொடி அதில் ஏறாமல் தரையில் படர்வதையும் பற்றி முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

கால்களை 2 அடி ஆழத்தில் ஊன்றி, சுற்றிலும் ஜல்லி போட்டு இடிக்கச் சொன்ன யோசனை பலித்தது, முட்டுக்கால் தேவைப்படவில்லை. கொடி ஏறாததற்குக் காரணம், ஒருவர் சரியாகக் கணித்தபடி, சட்டத்தின் பருமன்தான்: சங்குப்பூ பற்றுக்கம்பியால் (சில கொடிகளில் சுருண்டு பிடிக்கும் மெல்லிய இழை) பிடிக்காமல் தண்டாலேயே சுற்றி ஏறும் கொடி என்பதால், 2 அங்குலச் சட்டத்தை அதன் இளந்தண்டால் வளைக்க இயலவில்லை. நெடுக்காகச் சணல்கயிறு கட்டிய நான்காம் நாளே, நூல் போன்ற நுனி கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

எதிர்பாராதது ஒன்று: மழையில் இறுகிய சணல், காய்ந்ததும் தொய்ந்துவிட்டது. ஆகவே, பூக்களின் பாரம் விழும் மேற்பகுதியில் மட்டும் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பிக்கு மாறினேன்.